நீலிக்கு எத்தனை புள்ளி?

மேசையைச் சுற்றி ஐந்தாறு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒருவர் கதையை நடத்துகிறார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்றிருக்கிறார்கள். ஒருத்தி வில்லாளி, ஒருவன் மருத்துவன், இன்னொருத்தி அரண்மனையைவிட்டு ஓடிவந்த இளவரசி. "காட்டுப்பாதை இரண்டாகப் பிரிகிறது. இடப்பக்கம் ஒரு பெண் அழும் சத்தம் கேட்கிறது" என்கிறார் நடத்துபவர். என்ன செய்வது என்று மற்றவர்கள் பேசி முடிவெடுக்கிறார்கள். எடுத்த முடிவு பலிக்குமா என்பதை இருபது முகம் கொண்ட ஒரு பகடை சொல்கிறது. மேடை இல்லை, பார்வையாளர் இல்லை. கதை எப்படி முடியும் என்பது நடத்துபவருக்கே தெரியாது.

'ரோல் பிளேயிங் கேம்' என்று இன்றைய பிள்ளைகள் சொல்லும் விளையாட்டு இதுதான். 1974இல் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்ற இரண்டு அமெரிக்கர்கள் வெளியிட்ட 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' இந்த வகைக்குத் தாய். ஐரோப்பிய இடைக்காலம்தான் அதன் களம்: கோட்டை, குகை, பனிமலை, புதையலைக் காக்கும் டிராகன். இப்போது நம் கல்லூரிப் பிள்ளைகளும் விளையாடுகிறார்கள். விளையாடும் என் மாணவிகள் சிலருக்குப் பனிமலை அலுத்துவிட்டது. "எங்க ஊர்ப் பேயும் எங்க ஊர் ஏரியும் இதுல ஏன் மேடம் இருக்கக்கூடாது?" என்று கேட்டார்கள். இருக்கலாம், இருக்கவேண்டும் என்றே நானும் நினைக்கிறேன். அவர்கள் தயாரித்த பட்டியலில் ஒரு வரி மட்டும் என்னை நிறுத்தியது. பழையனூர் நீலி என்று எழுதி, பக்கத்தில் அவளுடைய உயிர்ப்புள்ளி இவ்வளவு, அவளை அழித்தால் கிடைக்கும் அனுபவப் புள்ளி இவ்வளவு என்று இரண்டு எண்கள் போட்டிருந்தார்கள்.

கொல்லப்பட்டதால் பேயான ஒரு பெண்ணை இன்னொரு முறை கொல்வதற்கு எத்தனை புள்ளி கொடுக்கலாம்? வேடிக்கையாகத் தோன்றினாலும் இது ஓர் அறக்கேள்வி. இறந்துபோன, பெரும்பாலும் சாகடிக்கப்பட்ட பெண்களின் கதைகளை எடுத்து நாம் விளையாடும்போது அவர்களுக்கு ஏதாவது கடன்பட்டிருக்கிறோமா?

அழுபவளைக் கொலைகாரியாக்கிய விதி

முதலில் வேறொரு நாட்டுப் பெண்ணைப் பார்ப்போம். அயர்லாந்தில் பான்ஷீ என்றொரு தொன்மம் உண்டு. மேட்டுக்குள் வாழும் மாய உலகத்தைச் சேர்ந்த பெண் என்பது அந்தச் சொல்லின் பொருள். குறிப்பிட்ட சில பழங்குடும்பங்களோடு தலைமுறை தலைமுறையாக ஒட்டியிருப்பவள். அந்த வீட்டில் ஒரு சாவு நெருங்கும்போது இரவில் அவள் அழுவது கேட்கும். அவள் யாரையும் கொல்வதில்லை. வரப்போகும் சாவுக்கு முன்கூட்டியே அழுகிறாள், அவ்வளவுதான். அயர்லாந்தில் சாவுவீட்டில் பெண்கள் கூடி ஒப்பாரி வைக்கும் வழக்கம் நெடுங்காலம் இருந்தது. திருச்சபை அதைக் கண்டித்தது. காலப்போக்கில் வழக்கம் தேய்ந்தது. அந்த ஒப்பாரிக்காரிகளின் மறு உருவம்தான் பான்ஷீ என்று தோன்றுகிறது.

இந்தப் பெண் விளையாட்டுக்குள் எப்படி வந்தாள்? 1977இல் வந்த 'மான்ஸ்டர் மேனுவல்' என்ற விதிநூலில் அவள் தீய பெண்ணொருத்தியின் ஆவி. 2014 பதிப்பில் அவளுடைய ஓலத்தைக் கேட்பவர் பகடையில் தோற்றால் அந்த இடத்திலேயே உயிர்ப்புள்ளி பூஜ்யமாகிவிடும். அவளை வீழ்த்துபவர்களுக்கு 1,100 அனுபவப் புள்ளி. சாவுக்காக அழுதவள் சாவைக் கொண்டுவருபவள் ஆகிவிட்டாள். துக்கம் ஆயுதமாகிவிட்டது. ஒப்பாரியை அறிந்த நமக்கு இந்த மாற்றம் எவ்வளவு பெரியது என்று விளங்கும். ஒப்பாரியில் பெண் இறந்தவரை மட்டும் பாடுவதில்லை. பிறந்த வீடு செய்த வஞ்சனையை, புகுந்த வீடு செய்த கொடுமையை, சொத்து கிடைக்காததை எல்லாம் பாடுகிறாள். ஊர் கூடியிருக்கும்போது அவள் வாய்திறக்க ஊர் அனுமதித்த ஒரே மேடை அது. அந்த மேடையைக் கேட்டாலே சாவு என்று விதி எழுதிவிட்டால், காதைப் பொத்திக்கொண்டு வாளை உருவுவது நியாயமாகிவிடும்.

விளையாட்டு விதி என்பதை நாம் சாதாரணமாக எடுத்துக்கொள்கிறோம். எதற்குப் புள்ளி உண்டோ அதைத்தான் ஆடுபவர்கள் தேடுவார்கள். கொல்வதற்குப் புள்ளி என்றால் கொல்வார்கள். கேட்பதற்குப் புள்ளி என்றால் கேட்பார்கள். ஆகவே விதி எழுதுபவர் ஓர் அறத்தையும் சேர்த்தே எழுதுகிறார். இதே விளையாட்டின் 1978ஆம் ஆண்டு விதிநூலில் பெண் பாத்திரத்தின் உடல் வலிமைக்கு ஆணைவிடக் குறைந்த உச்சவரம்பு இருந்தது. டிராகன் பறக்கலாம், மந்திரவாதி இடியை வரவழைக்கலாம், ஒரு பெண் மட்டும் ஆணளவுக்குப் பளு தூக்கிவிடக் கூடாது! 1989இல் வந்த இரண்டாம் பதிப்பில்தான் அந்த வரம்பு போனது. கற்பனைக்கு எல்லை இல்லை என்பார்கள். எல்லை எங்கே போடப்பட்டது என்று பார்த்தால் கற்பனை செய்தவர் யாரென்று தெரிந்துவிடும்.

விளையாடுவதே தவறா?

சாமியை வைத்து விளையாடலாமா என்று சிலர் கேட்பார்கள். இந்தக் கேள்வியில் எனக்கு உடன்பாடு இல்லை. நம் ஊர்களில் சாமியை வைத்து ஆடாமல் எதை வைத்து ஆடினார்கள்? தெருக்கூத்தில் திரௌபதி வேடம் கட்டுகிறார்கள். தெற்கே கோயில் கொடையில் வில்லுப்பாட்டுக்காரர்கள் அகாலமாய் இறந்தவர்களின் கதையைப் பாடப்பாட, கேட்டிருப்பவர்மேல் சாமி வந்து இறங்குகிறது. அதுவும் ஒருவகையில் பாத்திரமேற்பதுதான். பாடம் ஊருக்கு ஊர் மாறும், பாடுபவருக்குப் பாடுபவர் மாறும். தொன்மத்துக்கு ஒரே உரிமையாளர் என்று எவரும் இருந்ததில்லை.

ஆனால் அங்கே ஒரு கணக்கு இருக்கிறது. கதையைப் பாடினால் படையல் போடவேண்டும். கொல்லப்பட்டவளுக்குச் சேலை சாத்தவேண்டும், பொங்கல் வைக்கவேண்டும், அடுத்த ஆண்டும் வரவேண்டும். ஊரார் கொன்ற பெண்ணை ஊராரே கும்பிடுவதில் குற்றவுணர்வும் பயமும் கலந்திருக்கின்றன. கொன்ற சாதிக்கு அது வசதியான பரிகாரமாகவும் ஆகியிருக்கிறது. உயிரோடு இருந்தபோது தராத நியாயத்தைச் செத்தபிறகு சோறாகத் தருவதை நான் கொண்டாட மாட்டேன். இருந்தாலும் 'இவளுக்கு நாம் பட்ட கடன் தீரவில்லை' என்ற நினைவு அந்தச் சடங்குக்குள் உயிரோடு இருக்கிறது. மேசை விளையாட்டில் இல்லாதது இந்த நினைவுதான். ஆட்டம் முடிந்ததும் பகடையைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிடலாம். ஆகவே விளையாடலாமா கூடாதா என்று கேட்பதில் பொருளில்லை. படையலின் இடத்தில் நாம் எதை வைக்கப்போகிறோம் என்று கேட்கவேண்டும்.

ஆலங்காட்டின் இரண்டு பேய்கள்

சென்னையிலிருந்து அரக்கோணம் போகும் ரயில்பாதையில் திருவாலங்காடு என்றொரு நிலையம் உண்டு. பழையனூர் அதை ஒட்டிய ஊர். நீலி கதை நிகழும் இடம் அது. கதைக்கு வடிவங்கள் பல. பொதுவான இழை இது: கணவன் மனைவியைக் கொல்கிறான். அவள் பேயாகிப் பழிவாங்கக் காத்திருக்கிறாள். மறுபிறப்பில் வணிகனாக வரும் அவனை, மனைவியின் உருவெடுத்து, கள்ளிக் கொம்பைக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு தொடர்கிறாள். அவன் பழையனூர் வேளாளர் எழுபது பேரிடம் அடைக்கலம் கேட்டு, "இவள் என் மனைவி இல்லை, பேய்" என்கிறான். அவள், "இவர் என் கணவர், இது இவர் பிள்ளை" என்று அழுகிறாள். சபை அவளை நம்புகிறது. உனக்கு ஏதாவது நேர்ந்தால் எங்கள் உயிரைத் தருகிறோம் என்று அவனுக்கு வாக்குக் கொடுத்து அவளோடு அனுப்புகிறது. இரவில் அவன் கொல்லப்படுகிறான். எழுபது பேரும் தீப்பாய்ந்து சொல்லைக் காக்கிறார்கள்.

சம்பந்தர் தம் திருவாலங்காட்டுப் பதிகத்திலேயே இந்தக் கதையைச் சுட்டுகிறார். அவ்வளவு பழைய கதை. எழுபது பேரின் சொல் தவறாமையே இதில் புகழப்பட்டது. அவளுக்குக் கிடைத்ததோ 'நீலிக் கண்ணீர்' என்ற தொடர். பெண் பொய்யாக அழுகிறாள் என்று சொல்ல இன்றும் அதைத்தான் எடுக்கிறோம். காவல்நிலையத்தில் புகார் கொடுக்கப் போகிறவளைப் பார்த்தும் அதைச் சொல்கிறார்கள். தன்னைக் கொன்றவன் எதிரில் நின்று அழுத ஒருத்தியின் கண்ணீர், பொய்யழுகைக்குப் பெயராகிவிட்டது. கதையின் முதல் கொலையை மறந்தால்தான் இது சாத்தியம். மரபு அதை நன்றாகவே மறந்தது.

இந்தக் கதையில் என்னைத் தொந்தரவு செய்யும் இடம் ஒன்று உண்டு. ஆண்கள் மட்டுமே இருந்த ஒரு சபை, ஒரு பெண்ணின் அழுகையை நம்பி அவள் பக்கம் தீர்ப்புச் சொன்னது. அதற்குக் கதை விதித்த விலை எழுபது உயிர். பெண்ணை நம்பினால் ஊர் எரியும் என்பது கதைக்குள் புதைத்துவைத்த பாடம்.

இதையே விளையாட்டாக்கினால் என்ன ஆகும் என்று மாணவிகளோடு யோசித்துப் பார்த்தோம். நீலியைக் காட்டில் சந்தித்து வெட்டவேண்டிய பேயாக வைக்காமல், ஆடுபவர்களையே அந்தச் சபையில் உட்காரவைத்தால்? எதிரில் ஒருவன், ஒருத்தி, ஒரு குழந்தை. யார் சொல்வது உண்மை? சபையில் இருப்பவர்கள் அவளிடம் எத்தனை கேள்வி கேட்கிறார்கள், அவனிடம் எத்தனை? அவன் முற்பிறப்பில் செய்தது தெரியவந்தால் அவனுக்கு அடைக்கலம் கொடுப்பார்களா? இந்தப் பிறவியில் எதுவும் செய்யாதவனைப் பழைய கொலைக்காகச் சாகவிடலாமா? இதற்கு என்னிடம் எளிய பதில் இல்லை. பழிவாங்குவது நியாயமா, நியாயம் கிடைக்காத இடத்தில் பழியைத் தவிர வேறென்ன மிஞ்சும் என்று ஓர் இரவு முழுவதும் வாதாட இடமிருக்கிறது. அப்படி வாதாடுவது புதிதும் அல்ல. 'நீலகேசி' என்ற காப்பியத்தைச் சமண ஆசிரியர் ஒருவர் எழுதியபோது, இதே பழையனூர் நீலியைத்தான் எடுத்துத் தத்துவ வாதம் புரிபவளாக மாற்றினார். பௌத்தர் முதலிய பலரையும் அவள் வாதில் வெல்கிறாள். தம் சமயத்தை நிறுவ அவளைப் பயன்படுத்திக்கொண்டார் என்பது உண்மைதான். ஆனாலும் அவள் அழுகைக்குப் பதிலாகப் பேச்சைக் கொடுத்தார்.

2025இல் வந்த 'லோகா' என்ற மலையாளப் படம் கள்ளியங்காட்டு நீலியை அதிசய ஆற்றலுள்ள நாயகியாக்கியது. அரக்கியாகவே காட்டப்பட்டவளைத் திரையில் கைதட்டி வரவேற்றதில் எனக்கும் மகிழ்ச்சிதான். ஆனால் பேயை வீராங்கனையாக மாற்றினால் கடன் தீர்ந்தது என்று விளையாட்டை வடிவமைப்பவர்கள் நினைத்துவிடக் கூடாது. வலிமையானவளாக இருந்தால்தான் அவள் பக்கம் நிற்போம் என்றால், வலிமையில்லாமல் கொல்லப்பட்டவளை மறுபடியும் கைவிடுகிறோம்.

அதே ஆலங்காட்டில் இன்னொரு பேயும் உண்டு. காரைக்கால் அம்மையார். தசையை உதறிவிட்டுப் பேய்வடிவம் கேட்டு வாங்கியவர். தம் பாடல்களில் தம்மைக் காரைக்கால் பேய் என்றே சொல்லிக்கொண்டவர். அவர் தலையால் நடந்த தலம் என்பதால் அங்கே கால்வைக்கச் சம்பந்தர் தயங்கினார் என்று பெரியபுராணம் சொல்கிறது. அருகருகே இரண்டு ஊர், இரண்டு பேய்ப்பெண்கள். ஒருத்தி தன் கதையைத் தானே பாடினார், நாயன்மார் வரிசையில் அமர்ந்தார். மற்றவளைப் பற்றி மற்றவர்களே பேசினார்கள், அவள் வசைச்சொல் ஆனாள். திருவாலங்காட்டை விளையாட்டுக் களமாக்க நினைப்பவள் இந்த இரண்டு பேரையும் சந்திக்கவைத்தால் போதும். வேறு டிராகன் தேவையில்லை.

வரைபடத்தில் யார் இல்லை?

தொன்மத்துக்கு அடுத்தது நிலம். ஐந்திணை இந்த விளையாட்டுக்கென்றே செய்ததுபோல இருக்கிறது. ஒவ்வொரு திணைக்கும் தெய்வம், மரம், பறவை, தொழில், பொழுது. குறிஞ்சியும் முல்லையும் வெயிலில் திரிந்து பாலையாவதால் வரைபடமே பருவத்துக்கேற்ப மாறும். சிலப்பதிகாரத்தின் காடுகாண் காதையோ ஓர் ஆட்டத்துக்கான குறிப்பையே தந்துவிடுகிறது. கொடும்பைக்கு அப்பால் பாதை சூலம்போல மூன்றாகப் பிரிகிறது. வலப்பக்கம் வறண்ட காட்டுவழி, சிறுமலையை ஒட்டிப் போகிறது. இடப்பக்கம் திருமால்குன்றம், அதில் ஒரு பிலம், மூன்று பொய்கை, கேள்வி கேட்டு விடை சொன்னால் கதவு திறக்கும் பெண்தெய்வம். நடுவழியில் ஊரும் காடும் மாறிமாறி வரும், மயக்கும் தெய்வம் ஒன்று திரியும். நடுவழியில் போகிறார்கள். நீருக்காக ஒதுங்கிய கோவலன்முன் அந்தத் தெய்வம் மாதவியின் தோழி வசந்தமாலையாக வந்து அழுகிறது. கொற்றவை மந்திரத்தால் அதை விலக்குகிறான். மயக்கியதை ஒப்புக்கொண்ட தெய்வம், இதைக் கண்ணகியிடமும் கவுந்தியிடமும் சொல்லாதே என்று கேட்டுக்கொண்டு போகிறது.

இந்த இடத்தை வாசிக்கும்போதெல்லாம் கண்ணகியை நினைப்பேன். புகாரைத் தாண்டிச் சற்றுத் தூரத்திலேயே மதுரை எங்கே என்று கேட்டவள் அவள். முப்பது காதத்தை அருகில் என்பதுபோல் கோவலன் சொல்கிறான். அவள் கால் நோக நடக்கிறாள். வழியிலிருக்கும் அபாயமும் மயக்கமும் முடிவெடுக்கும் உரிமையும் அவனுக்கு. அவளுக்கு நடை மட்டும். விளையாட்டு வரைபடம் பெரும்பாலும் கோவலனின் வரைபடம். அகப்பாடல்களில் பாலையை நாம் அறிவது வீட்டிலிருந்து வழியை எண்ணிக் கலங்கும் தலைவியாலும், உடன்போன மகளைத் தேடி நடந்து எதிரே வருபவர்களிடம் விசாரிக்கும் செவிலியாலும்தான். அவர்களுக்கும் பாத்திரம் வேண்டும். மகளைத் தேடும் செவிலியின் பயணம் எந்தப் புதையல் வேட்டைக்குக் குறைந்தது?

ஆபத்தும் இங்கேதான் இருக்கிறது. பாலை என்றதும் எயினர், அம்பு, வழிப்பறி. உடனே 'எயினர்: கொள்ளைக்கார இனம்' என்று ஒரு பட்டியல் தயாராகிவிடும். பிறப்பிலேயே தீய இனம் என்ற கருத்து இந்த விளையாட்டில் ஓர்க் முதலியவர்களின்மேல் நெடுங்காலம் இருந்தது. விமர்சனங்களுக்குப் பிறகு 2020இல் அதன் பதிப்பாளர்கள் அதைத் திருத்துவதாக அறிவித்தார்கள். ரோமா மக்களைப் பற்றிய இழிவான பிம்பங்களிலிருந்து செய்த ஒரு நாடோடிக் கூட்டத்தையும் மாற்றி எழுதுவதாகச் சொன்னார்கள். நமக்கு இது வெறும் கற்பனைச் சிக்கல் இல்லை. 1871இல் ஆங்கில அரசு கொண்டுவந்த குற்றப் பரம்பரைச் சட்டம் 1911இல் சென்னை மாகாணத்துக்கும் நீண்டது. பிறந்த குழந்தையையே குற்றவாளிக் கணக்கில் வைத்த சட்டம் அது. அந்தப் பட்டியலில் இருந்தவர்களின் பேத்திகள் நம் வகுப்பில் படிக்கிறார்கள்.

சாதியை என்ன செய்வது? "கற்பனைதானே, அதை விட்டுவிடுவோம்" என்றாள் ஒருத்தி. "அப்போ எங்க தெரு இருக்காதா?" என்றாள் இன்னொருத்தி. இருவரும் சொன்னதில் உண்மை இருக்கிறது. முதலாம் ராஜராஜன் காலத்துத் தஞ்சைக் கல்வெட்டுகள் வரி நீக்கிய நிலங்களைக் கணக்கிடும்போது ஊர்நத்தம், வாய்க்கால், சுடுகாடு என்பவற்றோடு பறைச்சேரியையும் தீண்டாச்சேரியையும் பெயர் சொல்லிக் குறிக்கின்றன. சோழர் காலத்து ஊரை வரைந்து, கோயிலையும் குளத்தையும் வைத்துச் சேரியை அழித்துவிட்டால், அரசனின் கல்வெட்டே எழுதியதை நாம் மறைக்கிறோம். அதேசமயம், விளையாட வந்த தலித் மாணவி மேசையிலும் அவமானத்தை நடிக்கவேண்டும் என்று யாரும் கேட்கக்கூடாது. இந்த விளையாட்டுக்காரர்களிடம் ஒரு நல்ல வழக்கம் இருக்கிறது. பெருக்கல் குறி போட்ட ஓர் அட்டையை மேசை நடுவில் வைக்கிறார்கள். எந்தக் காட்சி யாரைப் புண்படுத்தினாலும் அதைத் தொட்டால் போதும், காட்சி மாறிவிடும். காரணம் கேட்கக்கூடாது. பெண்ணின் 'வேண்டாம்' என்ற சொல்லுக்குக் காரணம் கேட்டே பழகிய நம் வீடுகளிலும் அப்படியொரு அட்டை இருந்தால் நன்றாயிருக்கும். ஆக, நிலத்தில் சேரி இருக்கட்டும். கொடுமை செய்தவனின் பெயரும் இருக்கட்டும். அதை யார் நடிப்பது, எவ்வளவு நடிப்பது என்பதை, அதிகம் இழந்தவர்கள் முடிவு செய்யட்டும்.

படையலுக்கு ஈடாக எதை வைப்பது என்று கேட்டிருந்தேன். எனக்குத் தோன்றுவது இதுதான். ஒரு பெண்தெய்வத்தையோ பேயையோ களத்தில் இறக்குமுன் அவளுக்கான தாளில் எண் எதுவும் எழுதாமல் மூன்று வரி எழுதுங்கள். உயிரோடு இருந்தபோது அவள் பெயர் என்ன? அவளைச் சாகடித்தது யார், அவன் வம்சம் அந்த ஊரில் இன்று என்னவாக இருக்கிறது? இப்போது அவளுக்கு விளக்கேற்றுவது யார்? தெரியாவிட்டால் போய்க் கேளுங்கள். பாட்டியிடம், பூசாரியிடம், கோயில் வாசலில் பூ விற்பவரிடம். பெயர் கிடைக்காமலே போகலாம். அப்போது அந்த வரியை வெற்றாக விட்டு, அதைத் தேடிக் கண்டுபிடிப்பதையே ஆட்டமாக்குங்கள். அதிகப் புள்ளி அதற்குக் கொடுங்கள்.